ஏரி நிலம் பற்றி மகள் எழுதிய கட்டுரை

‘டிசம்பர் 4, மாலை 6.10. வாசலில் இரண்டாம் படி மூழ்கியது.’ அம்பத்தூரில் வீடு வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து நான் எழுதிவரும் மழைக் குறிப்பேட்டில் உள்ள வரி இது. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் இதைத் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டியிருந்தாள். ஏரி நிலத்தில் எழுந்த வீடுகளை அகற்ற வேண்டுமா என்பது வகுப்பில் கொடுத்த தலைப்பு. ஒரு தரப்பில் நின்று வாதிட வேண்டும். அகற்றத்தான் வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள்.

படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது, கடைசிப் பத்தி வரும்வரை. ‘எங்கள் வீடும் ஏரி நிலத்தில் இருந்தால், அதையும் இடிக்க வேண்டும்.’

“இந்த வரி வேணாம்மா, எடுத்துடு” என்றேன்.

“ஏன், பொய்யா?”

“பொய்னு சொல்லல. வகுப்புல படிச்சுக் காட்டச் சொல்வாங்க. நம்ம தெருப் பசங்க நாலு பேரு அங்க கீறாங்க.”

“அடுத்தவன் ஊட்ட இடிக்கச் சொல்லிட்டு நம்ம ஊட்ட உட்டுட்டா யாருப்பா நம்புவா? தண்ணி வந்த நிமிசம் வரைக்கும் எழுதி வெச்சிக்கீற. நம்ம ஊடு ஏரி நெலத்துல கீதா இல்லியான்னு மட்டும் எழுதவே இல்லியே?”

பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பழைய கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வாங்கியபோது, ஏரி நிலம் இல்லை என்று தரகர் சொன்னதை நம்பினேன்.

அவள் வரியை எடுக்கவில்லை. மறுநாள் கட்டுரையைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

வட்டாட்சியர் அலுவலகம் நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. பேருந்து தினமும் அதன் எதிரில் நிற்கிறது. எங்கள் வீடு இருப்பது ஏரி நிலமா என்பதை நான் இதுவரை சரிபார்க்கவில்லை.