காலு எத்தண்டி

போன வருடம் மழை விட்டிருந்த சமயம். மகனுக்கு ஹைதராபாத்தில் வேலை என்பதால் நாங்களும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் மாரெட்பள்ளிக்குக் குடிவந்திருந்தோம். எனக்கு இயல்பிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். தெலுங்கும் தெரியாததால் கடையில்கூடக் கையைக் காட்டித்தான் காய் வாங்குவேன்.

என் கணவர் எழுபதை நெருங்குகிறவர். காய்ச்சலில் நீண்ட நாள் படுத்துக் கிடந்ததில் தொடையெல்லாம் வற்றி, நாற்காலியை விட்டு எழ முடியாமல் போய்விட்டது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் நான்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தசைகளுக்கு வேலை கொடுக்காவிட்டால் படுக்கையே கதியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பக்கத்தில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போக ஆரம்பித்தேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர். கணுக்காலில் மணல் நிரப்பிய பட்டையைக் கட்டி, "காலைத் தூக்குங்க ஐயா" என்பார். "இந்த வயசுல நான் என்ன பயில்வானா ஆகப்போறேன்?" என்று முனகிக்கொண்டே இவரும் தூக்குவார். வாரங்கள் போகப் போக, பட்டையின் எடையும் கூடியது. ஆனால் எழுந்து நிற்கச் சொன்னால் மட்டும், "விழுந்துருவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் அந்தப் பயிற்சியாளர் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு தெலுங்குப் பெண் வந்தார். பட்டையைக் கட்டிவிட்டு, சக்கரம் வைத்த முக்காலியில் இவருக்கு எதிரே உட்கார்ந்து, "காலு எத்தண்டி சார்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

"கட்டிகா எத்தண்டி" என்றார் மறுபடியும்.

எங்கள் ஊரில் எத்துவது என்றால் உதைப்பது. கெட்டியாக உதைக்கச் சொல்கிறார், இது ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்திருக்கிறார் இவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டார். அது அந்தப் பெண்ணின் முன்கையில் பட்டது. முக்காலி அப்படியே உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. அவருடைய மூக்குக் கண்ணாடி தரையில் கிடந்தது.

அங்கே ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயசாளி ஒருவர் ஒரு பெண்ணை உதைத்துவிட்டார் என்றுதானே எல்லாருக்கும் தோன்றும்? மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அந்த ஊர் மொழி இல்லை.

"ஏங்க, என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"அவதானடி எத்தச் சொன்னா. நானாவா எத்துனேன்?"

வரவேற்பு மேசையில் இருந்த பெண், பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், ஓடி வந்தாள். "ஐயோ நக்கோ, வேணாம் அங்கிள், தெலுங்குல எத்துன்னா தூக்குறது. உதைக்கிறது இல்லே."

அதைக் கேட்டதும் இவர் முகம் செத்துப்போனது. இரண்டு கைகளையும் கூப்பி, "அம்மா, தெரியாம செஞ்சிட்டேன்மா, மன்னிச்சிரு தாயி" என்றார். அந்தத் தெலுங்குப் பெண் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இவரையே பார்த்தார். கோபமாகப் பார்க்கிறார் என்று பயந்து நானும் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். இவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருக்க, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறார். என் கை அவர் பக்கத்தில்கூட இல்லை.

நான் பார்ப்பதைக் கண்டு தானும் குனிந்து காலைப் பார்த்தார். உடனே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அன்று எத்தனை சொல்லியும் மறுபடி எழவில்லை.

வீங்கிய முன்கையைத் தடவிக்கொண்டே அந்தப் பெண் ஏதோ சொல்ல, வரவேற்புப் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "கால்ல பலம் வந்தாச்சாம் ஆண்ட்டி. அங்கிளுக்குத்தான் இன்னும் தெரியலையாம். இனிமே நீங்க தூக்காதீங்கன்னு சொல்றாங்க."

மறுவாரம் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பிடியும் விட்டுப்போனது. இப்போது கழிப்பறைக்குத் தானே போய் வருகிறார். ஆனால் அவர் எழத் தடுமாறும் ஒவ்வொரு முறையும் என் கைகள் தானாக முன்னே நீளுகின்றன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது, அவரைத் தூக்கியதைவிடக் கடினமான பயிற்சியாக எனக்கு இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது.