சென்னம்மாளின் ஏழாவது தோட்டம்

வேடியப்பன் நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, பெண்டாட்டி சென்னம்மாளை அடித்ததும் கிடையாது. ஒரே ஒரு குறைதான். எந்த ரைட்டரையும் அவனுக்குப் பிடிக்காது. எஸ்டேட்டில் வேலை வாங்குகிற ரைட்டர் ஒரு சொல் சொன்னால் இவன் இரண்டு சொல்லுவான், கையில் இருக்கும் கத்தியைத் தரையில் போடுவான், சாயங்காலம் வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். மறுநாள் விடிவதற்குள் மூட்டை கட்டி முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். கல்யாணமான பதினொரு வருஷத்தில் ஏற்காட்டு மலையில் இப்படி ஆறு எஸ்டேட் பார்த்தாயிற்று. மகள் தேவகுமாரியைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தால் ஒரு வகுப்புகூட முழுதாகத் தாண்டமாட்டாள் என்று, சென்னம்மாள் அவளை மலைக்குக் கீழே தன் தம்பி வீட்டில் விட்டுப் படிக்கவைத்திருந்தாள்.

மூட்டையில் சட்டி பானை வரும், பாய் வரும், அம்மிகூட ஒரு தடவை வந்தது. எஸ்டேட்டில் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் போட்ட காய்கறித் தோட்டம் மட்டும் வராது.

எங்கே போனாலும் முதல் வாரமே சென்னம்மாள் மண்ணைக் கொத்திவிடுவாள். அது அவள் கை வாகு. முதல் எஸ்டேட்டில் கத்திரி பூத்திருந்தபோது கிளம்பினார்கள். இரண்டாவதில் பூசணி பிஞ்சு விட்டிருந்தது. வெள்ளக்கடைப் பக்கம் இருந்தபோது போட்ட அவரைதான் அவள் மனதை நிஜமாக அறுத்தது. கூரை மேலெல்லாம் ஏறி, கொத்துக் கொத்தாக மொட்டு விட்டிருந்த நேரம் கிளம்பும்படி ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அடிவாரம் இறங்கும்போது பஸ் அந்த லைனை ஒட்டித்தான் போனது. வளைவில் பஸ் மெதுவானபோது பார்த்தாள். ஆரஞ்சுச் சேலை கட்டிய யாரோ ஒருத்தி அவள் அவரையைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அத்தனை வளைவுக்கும் சென்னம்மாள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். என்னவென்று வேடியப்பன் கேட்டதற்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து நாள்பட்டுக் காய்ப்பது எதையும் அவள் போடுவதில்லை. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி. விதைத்த மாதமே சட்டிக்கு வருவது எதுவோ அதுதான் அவளுக்குப் பயிர். அதிலும் முள்ளங்கி விரல் கனம் ஆவதற்குள் பிடுங்கிவிடுவாள்.

ஏழாவதாக வந்து சேர்ந்தது செம்மநத்தத்துக்கு மேலே ஒரு எஸ்டேட். ஆடியில் வந்தார்கள். ஐப்பசி போயிற்று, காப்பிப் பழம் எடுத்து முடிந்து பொங்கலும் போயிற்று, வேடியப்பன் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆறு மாதம்! இது சென்னம்மாளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயத்தைத்தான் அதிகம் கொடுத்தது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து கார்டு வந்தது. முழுப்பரீட்சை லீவுக்குச் சித்திரையில் வருகிறாளாம். தன் கையால் வளர்த்த காயைப் பொரியல் செய்து மகளுக்கு ஒரு வேளை போடவேண்டும் என்று சென்னம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. பத்து வயதாகிறது அந்தப் பெண்ணுக்கு. அம்மா போட்ட செடியில் காய் தொங்கி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

தை கடைசியில் சந்தைக்குப் போய்த் தக்காளி விதையும் கொடி பீன்ஸ் விதையும் வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டுக் கலாவதி பார்த்துவிட்டு, என்னக்கா, இந்தத் தடவை குடியிருக்கப் போகிற மாதிரி தெரிகிறதே என்று கேலி செய்தாள். கலாவதி நல்லவள்தான், ஆனால் ஒரு சேதி காதில் விழுந்தால் அதை அடுத்த வீட்டில் இறக்கிவைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் வீட்டுக்குப் பின்னால் மட்கிக் கிடந்த காப்பித் தோலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து மண்ணில் கலந்தாள். மாசியில் தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டாள். பகலில் வெயில் கொளுத்தும், விடியற்காலையில் பல் கிட்டும். குழாயில் தண்ணீர் நூலாக வருகிற மாதம் அது. பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், கால் கழுவும் தண்ணீர் எல்லாம் பாத்திக்குத்தான் போயிற்று. பீன்ஸ் எட்டாம் நாள் மண்ணைப் பிளந்தது. இலைக்கு அடியில் செடிப்பேன் விழுந்தபோது சாம்பல் தூவினாள்.

காலையில் எழுந்ததும் முதலில் செடியைப் போய்ப் பார்ப்பாள், அடுத்து புருஷன் முகத்தை. வேறு ஏதாவது எஸ்டேட்டைப் பற்றி அவன் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அன்று பத்துத் தடவை பாத்திக்குப் போய்ப் பூ விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். அவன் சாதாரணமாகத் தும்மினால்கூட, ரைட்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்பாள். நிம்மதியாக ஒரு கவளம் இறங்கவில்லை. செடி வளர வளர அவள் இளைத்தாள்.

பங்குனி பாதியில் தக்காளி கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. பீன்ஸ் கொடி, ஊன்றியிருந்த சுள்ளிகளைத் தாண்டி வளர்ந்து தரையில் சரிந்து கிடந்தது. ஆனாலும் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம், அது போதும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த நாளில்தான் கலாவதி களைவெட்டுக்கு நடுவே ஓடிவந்தாள்.

"அக்கா, உங்கூட்டுக்காரருக்கும் ரைட்டருக்கும் நொம்பப் பேச்சாயிப் போச்சுங்க. கத்தியக் கீழ போட்டுட்டாரு."

சென்னம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஆறு தடவை பார்த்த கூத்து. வேலை விட்டதும் நேராகத் தோட்டத்துக்குப் போனாள்.

தக்காளியை மட்டும் பறித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தாள். வைக்கோலில் போட்டுவைத்தால் ஒன்றிரண்டாவது பழுக்கும். பறித்துச் சேலை நுனியில் முடிந்தாள், எல்லாம் கல்லாக இருந்தன. பிறகு பீன்ஸ் பிஞ்சைக் கிள்ளினாள், நூல் நூலாக வந்தது, பத்து சேர்ந்தால் ஒரு வாய்க்குக் காணாது. அப்போது அந்த ஆரஞ்சுச் சேலைக்காரி நினைவுக்கு வந்தாள். நாளை மறுநாள் இந்த வீட்டுக்கு ஒருத்தி வருவாள். இந்தச் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மடியை விரிப்பாள். சென்னம்மாள் கொடியின் தூரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இதில் நியாயம் ஒன்றும் இல்லை. அடுத்து வருகிறவளும் எங்கிருந்தோ மூட்டை தூக்கிக்கொண்டு வருகிறவள்தான். அது சென்னம்மாளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் பிடுங்கினாள். தக்காளி பன்னிரண்டு செடி, பீன்ஸ் இரண்டு பாத்தி, ஒன்று விடவில்லை. நட்டபோது எத்தனை பொறுமையாக நட்டாளோ அத்தனை வேகமாகப் பிடுங்கி எறிந்தாள். அழுகையும் வந்தது, அதோடு ஒரு திருப்தியும் வந்தது. அந்தத் திருப்திக்காக அவளுக்குப் பிறகு ரொம்ப நாள் வெட்கமாக இருந்தது.

வெயில் இறங்குகிற நேரத்தில் வேடியப்பன் வந்தான். தோளில் நாலு பச்சை மூங்கில். முகத்தில் ஏதோ கேஸ் ஜெயித்து வந்தவன் களை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏம் புள்ள, பன்னி பூந்துருச்சா?"

"பன்னியில்லீங்க. நாந்தான்."

அவனுக்கு விளங்கவில்லை. கலாவதி வந்து சொன்னதை அவள் சொன்னாள். ரைட்டரோடு சண்டை போட்டது உண்மைதான் என்றான் அவன். கொடி தரையில் கிடக்கிறதே என்று எஸ்டேட் மூங்கிலில் நாலு கேட்டானாம். வெட்டக்கூடாது என்று அவர் சொல்ல, இவன் கத்தியைப் போட்டுவிட்டுப் பேச, கடைசியில் தொலை, வெட்டிக்கொள் என்று அவரே சொல்லிவிட்டாராம். வேலை விட்டதும் இரண்டு பேரும் பீடி பிடித்தார்களாம். எங்கும் போகிற யோசனையே அவனுக்கு இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, விசாரித்துவிட்டுப் பிடுங்கியிருக்கக்கூடாதா என்று மெல்லிசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் தாங்கமுடியாமல் போயிற்று.

"ஆறு தடவ இழுத்துக்கிட்டுப் போனீங்களே, ஒரு தடவையாச்சும் என்னய விசாரிச்சீங்களா?" என்றாள். "செடி பூத்திருக்குதே, பத்து நாள் பொறுத்துப் போலாம்னு ஒரு தடவ சொல்லியிருப்பீங்களா? நீங்க கத்தியக் கீழ போட்டா எங்கையி தானா மூட்டையக் கட்டுதுங்க. இன்னிக்குச் செடியப் புடுங்கிருச்சு."

வேடியப்பனின் சிரிப்பு நின்றது. பிடுங்கிக் கிடந்த கொடியைப் பார்த்தான், சேலை நுனியில் அவள் கட்டிவைத்திருந்த பச்சைக் காய்களைப் பார்த்தான். பதினொரு வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. இன்னும் மழைக்கு நாள் இருக்கிறது, மறுபடி விதை போடலாமே என்றான்.

"போடறேன். காய்க்கற வரைக்கும் இருப்பீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ரைட்டர் ஒழுங்காக இருந்தால் இருக்கலாம் என்று இழுத்தான். அவன் கண் கீழே ரோட்டுப் பக்கம் போய்விட்டு வந்ததை அவள் பார்த்தாள்.

"அப்பச் சரிங்க. நீங்க போறப்பப் போங்க," என்றாள் சென்னம்மாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கும் எஸ்டேட்டுல பேரு இருக்குது, கூலி இருக்குது. நான் இந்த ஊட்டுலயே இருந்து காயப் பறிச்சுட்டுத்தான் வருவேன்."

 அவன் மூங்கிலை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. சென்னம்மாள் உள்ளே போய், மிச்சம் வைத்திருந்த பீன்ஸ் விதையைக் கை நிறைய எடுத்து வந்தாள். சித்திரையில் தேவகுமாரி வரும்போது இதில் இலைதான் இருக்கும், காய் இருக்காது. இருந்தால் என்ன, அவளும் வந்து தண்ணீர் ஊற்றட்டும். வேர் பிடுங்கிய பள்ளங்கள் ஈரம் காயாமல் அப்படியே திறந்து கிடந்தன. அவள் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பள்ளத்துக்கு மூன்று விதையாகப் போட்டு மண்ணை மூட ஆரம்பித்தாள்.