கண்ணை மூடியதால் வாலாஜாபாத் போன கதை

செல்போன் வாங்கிய புதிதில் என்னைக் கூப்பிட்டது இரண்டே பேர்தான். ஒன்று, ராங் நம்பர். இன்னொன்று, என்னை மூச்சு விடச் சொல்லும் பெண்.

அவளை ஏற்பாடு செய்தது, சென்னையில் அப்பாவைப் பார்த்த டாக்டர். அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய், இனிக் குறையாது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அவருக்கு மாத்திரை எழுதிட்டேன். உங்களுக்குத்தான் ஏதாவது செய்யணும்." அவருடைய ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருந்த அந்தப் பெண் சாயங்காலத்தில் போன் செய்து, மனதை அமைதியாக்கப் பயிற்சி கொடுப்பாள் என்றார்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டில் இருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "சோறு போடாம கொல்றாளே" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். எதிர்வீட்டம்மாள் அதை நம்பவும் செய்தாள்.

"கண்ணை மூடிக்கங்க மேடம். எந்த எண்ணம் வந்தாலும், வானத்துல மேகம் போற மாதிரி போக விடுங்க" என்பாள் அந்தப் பெண். என் மேகம் அப்போது அரிசி மூட்டைமேல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். "நல்லா இருக்குதும்மா" என்பேன். அவ்வளவு இனிமையான குரலைத் திட்ட மனம் வரவில்லை.

ஒருநாள் பயிற்சி நிஜமாகவே பலித்துவிட்டது. தோள் தளர்ந்தது, தலைபாரம் இறங்கியது. "மெதுவா கண்ணைத் திறங்க" என்றாள். திறந்தேன். அப்பாவின் நாற்காலி காலி. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

போனும் கையுமாக ஓடினேன். "உங்கப்பாவா? வாலாஜாபாத் பஸ்ல ஏறிக்கினு போறாரும்மா" என்றார் டீக்கடைக்காரர். ஆட்டோ பிடித்துத் துரத்தி, அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறினேன்.

பாதி பஸ் காலி. அப்பா பின்படி அருகே நின்று, "உள்ள போ, உள்ள போ! படியில இன்னாயா வேலை?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். சனங்களும் நகர்ந்து கொடுத்தார்கள். நிஜக் கண்டக்டர் பையைக் கட்டிப்பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்னையே டிக்கெட் எடுக்கச் சொல்றாரும்மா!"

அப்பா என்னிடம் வந்தார். "எங்க போணும்?"

"சின்ன காஞ்சிபுரம்பா."

"அங்க போவாது. எறங்கு, எறங்கு."

கண்டக்டர் குறுக்கிட்டார். "வுடும்மா, ஸ்டாண்ட் வரைக்கும் வரட்டும். நல்லாத்தான் வேலை பாக்கறாரு."

அப்போது, கட் பண்ண மறந்து கையிலேயே வைத்திருந்த போன் பேசியது. "மேடம், இருக்கீங்களா?"

"இருக்கறேன். கண்ணை மூடச் சொல்லி எங்கப்பாவை பஸ்ல ஏத்தி வுட்டுட்டியேம்மா!"

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடி சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. "சாரி மேடம். இனிமே கண்ணைத் திறந்தே செய்யலாம். இப்ப அவரையே பாருங்க. வேற எதுவும் செய்ய வேணாம்."

பார்த்தேன். வீட்டில் கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் கால் பின்னிக்கொள்ளும் மனிதர், ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல், வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றார். வாலாஜாபாத் வரும்வரை நான் எதற்காகவும் கவலைப்படவில்லை.

அதன்பிறகு போனில் உண்மை பேச ஆரம்பித்தேன், அரிசி மூட்டை உட்பட. அவளும் தன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் புலம்பினாள். மழைக்காலத்தில் அப்பாவுக்கு நடை நின்றுபோகும்வரை, முடிந்தபோதெல்லாம் அவரை வாலாஜாபாத் கூட்டிப்போனேன். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.