குதிரை என்று எழுதிய அட்டை

விழுப்புரத்தில் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறை எலும்பு அறையில், தாங்கியில் நிற்கும் எலும்புக்கூடு ஒன்று உண்டு. கழுத்தில் 'குதிரை' என்ற அட்டை. பி.எஸ்சி. கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் பேராசிரியர் அதன் பின்னால் போய் நின்றுகொண்டு, "நல்லாப் பாரு. என்னா தெரியுது?" என்று என்னைக் கேட்டார்.

இடுப்புப் பக்கத்து முள்ளெலும்புகளை எண்ணினேன். குதிரைக்குப் பெரும்பாலும் ஆறு இருக்கும். இதற்கு ஐந்துதான். குளம்பு எலும்பும் ஒல்லி.

"கழுதை தெரியுது சார்" என்றேன்.

விலா எலும்புகளின் இடுக்கில் அவருடைய முகமும் தெரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கொழுப்பெடுத்துப் பேசிக்கினு இருக்கியா? வெளிய போ" என்றார். எண்ணிக் காட்டுகிறேன் சார் என்று கெஞ்சினேன். அந்த ஆள் காதில் வாங்கவே இல்லை. ஃபெயில் போட்டார். எம்.எஸ்சி. சீட் கைவிட்டுப் போனது. ஒரு வருடம் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மில்லில் தூசியைத் தின்றேன்.

"யாரைடி இப்படி கரிச்சிக் கொட்டிக்கினே இருக்கே?" என்பார் பக்கத்தில் புடைக்கிற அக்கா. வேறு யாரை?

மறுபடி எழுதி, மேலே படித்து, அதே துறைக்கு ஆசிரியையாக வந்தேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த அட்டையை மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை. அவர் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

போன வருடம் எலும்பு அறையைப் புதுப்பித்தோம். யார் திறந்து வைப்பது என்ற பேச்சு வந்ததும், அவரையே கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். சால்வைகூட நானே பார்த்து வாங்கினேன்.

மாணவர்கள் சூழ நிற்க, கையில் மைக்கைக் கொடுத்து, "இடுப்பு முள்ளெலும்ப எண்ணிக் காட்டுங்க சார்" என்றேன். எண்ணினார். ஐந்து. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அரபுக் குதிரைங்க சிலதுக்கு அஞ்சுதாம்மா" என்றார். மங்கோலியக் காட்டுக் குதிரையையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். சரிதான். அப்படித் தப்பிப்பார் என்று எனக்குத் தெரியும். கம்பி அவிழ்த்துத் தயாராக வைத்திருந்த கீழ்த்தாடையை எடுத்து நீட்டினேன். கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில், இரண்டு எனாமல் வளைவுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கும். குதிரைக்கு அது ஆங்கில 'யு' மாதிரி அகலமானது. கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் 'வி' மாதிரி கூரானது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மைக்கில் அவர் மூச்சு விடுவது எல்லோருக்கும் கேட்டது.

"கழுதைதான்" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

காரில் ஏற்றிவிடப் போனேன். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

"ரொம்ப நல்லதும்மா. இத்தினி வருசமா எல்லாப் பசங்களுக்கும் குதிரைன்னே சொல்லிக்கினு இருந்துட்டேன். ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே."

கார்க் கதவை அறைந்து சாத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கி எனக்கு நன்றி சொன்னார்.