கெண்டைக்கால் வலி

அண்ணன் இறந்த அன்று காலையில், கிள்ளான் நகரத்தில் ஒரு போலீஸ் நிலையத்தில் நான் பொய் சொன்னேன்.

வீட்டில் இறந்தவரை எரிக்க வேண்டுமென்றால் போலீஸ் பெர்மிட் வேண்டும். என்ன நோய் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். போகும் வழியில், கார் ஓட்டிய மாமா என்னைத் தயார் செய்தார்.

"காய்ச்சல்னு வாயத் தொறந்துடாதே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அறுத்துடுவாங்க. நெஞ்சு வலின்னு சொல்லு, வேல முடிஞ்சிரும் லா."

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். அரசாங்க மொழியில் பேசக் கவுண்டர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று மட்டும் தடுமாறாமல் இருதய நோய் என்று சொன்னேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

ஆனால் அண்ணன் காய்ச்சலில்தான் போனார். கெண்டைக்கால் வலிக்கிறது என்று புலம்பினார். கண் மஞ்சளாகியிருந்தது. பனடோல் மாத்திரை போதும், கிளினிக் வேண்டாம் என்று பிடிவாதமாகப் படுத்துக் கிடந்தார்.

காய்கறி விற்கும் பாசார் பக்கத்து வெங்காயக் கிடங்கில் அவர் பார்த்த வேலை காலியானது. காரியம் முடிந்த மறுவாரமே அண்ணி அங்கே போக ஆரம்பித்தார். வேறு வழி இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தார். அப்போது அண்ணி உள்ளறையில் படுத்திருந்தார். முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மழையில் நனைந்ததால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க அண்ணே," என்றார் அந்தப் பெண். "வீட்ல இறந்தவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு சரியா தெரிஞ்சாதான் மத்தவங்களக் காப்பாத்த முடியும்."

பயப்படாதீங்க என்றதுமே எனக்குப் பயம் வந்தது. பெர்மிட் விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல."

"நெஞ்சு வலி எத்தன நாளா?"

"ரெண்டு வாரம்."

அவர் விரல் டேப்லெட்டில் ஒவ்வொரு பொய்யையும் தொட்டுத் தொட்டு ஏற்றியது.

"கண்ணு மஞ்சளா இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க. எந்திரிக்க முடியல. கெண்டக்கால் ரெண்டும் வலி உயிர் போகுது."

"காய்ச்சல்தான்," என்றேன். "அண்ணனுக்குக் காய்ச்சல்தான். போலீஸ்ல பொய் சொல்லிட்டேன். என்னப் புடிச்சுக் குடுங்க, பரவால்ல. மொதல்ல அவங்களப் பாருங்க."

அவர் டேப்லெட்டை மூடிவிட்டு எழுந்தார். "அவங்க எங்க வேல செய்றாங்க?"

"அண்ணன் செஞ்ச அதே கிடங்குல."

"எலி இருக்கா?"

"வெங்காயத்தவிட எலிதான் அதிகம்."

எங்கள் இருவரையும் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். எலி மூத்திரத்திலிருந்து வரும் காய்ச்சலாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும் என்றார். பின் சீட்டில் அண்ணி கண்ணை மூடியபடி கேட்டார்.

"அன்னிக்கே ஏன் தம்பி சொல்லல?"

"அண்ணன அறுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன் அண்ணி."

"அறுத்திருந்தா நான் அந்தக் கிடங்குக்குப் போயிருப்பேனா?"

ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன்.

அதே காய்ச்சல்தான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. பத்து நாள் கழித்து அண்ணி இளைத்துப்போய் வீடு திரும்பினார். அதற்குள் அதிகாரிகள் கிடங்கைப் பூட்டி, அங்கே வேலை செய்தவர்களைப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் மறுபடி வந்தார். அண்ணனைப் பற்றிய முதல் கேள்வியிலிருந்து தொடங்கினோம்.

"காய்ச்சல் எத்தன நாள்?"

"நாலு," என்றேன்.

"அஞ்சு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி. "சரியாச் சொல்லுங்க தம்பி."