அத்தையின் பெயருக்கு நேரே

எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்த அவருக்கு மிஞ்சியது ஒரே தங்கை. கல்யாணமான கையோடு அந்த அத்தையை, இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி, கணவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அப்பா கம்பளையில் புடவைக்கடை வேலைக்கு வந்தார்.

இனக்கலவரத்தில் எங்கள் வாடகை வீடு எரிந்தபோது அத்தையின் கடிதங்களும் விலாசமும் அலுமாரியோடு போயின. நாங்கள் கண்டிக்கு வந்துவிட்டதால் அவர் எழுதியவையும் வந்து சேரவில்லை. "உடுப்பு போனா வாங்கிக்கலாம். வெலாசத்த எங்க போய் வாங்குறது?" என்பார் அப்பா.

யுத்தம் இன்னும் முடியாத நாட்களில் வீட்டுக்கு இணையம் வந்ததும் நான் தேடத் தொடங்கினேன். கப்பல் பட்டியல், தோட்டப் பதிவு, கல்லறை எழுத்து என்று ஆங்கிலத் தளங்களில் கொட்டிக் கிடந்தது. துரைமார் பெயரெல்லாம் இருந்தது. கொழுந்து பறித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. "தொரையோட நாய் பேரும் இருக்கான்னு பாரும்மா" என்று அப்பா கேலி செய்வார்.

குடும்ப வரலாறு பதியும் தளம் ஒன்றில் எங்கள் பெயர்களைப் பதிந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, உயிருடன் இருக்கிறாரா, மறைந்தாரா என்று கேட்டது. அத்தைக்கு எதைப் போடுவதென்று தயங்கினேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருக்கான்னு போடு. ஆளப் பாக்காம முடிவு பண்ண நீ யாரு?"

மலையகத்திலிருந்து போனவர்கள் உறவுகளைத் தேடும் தமிழ்ப் பக்கமொன்று பிறகு கிடைத்தது. மூன்று முறை எழுதியும் பதிலில்லை. பிழை என்னுடையது. படித்த திமிரில், பெயர்ப்பலகையில் இருந்த தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையே எழுதியிருந்தேன்.

"அந்தப் பேரு தொரைக்குத்தாம்மா தெரியும். மொட்டப்பாறத் தோட்டம், மேல் லயம், கோயில் பக்கத்து வீடுன்னு எழுது" என்றார் அப்பா.

அப்படியே எழுதிய பத்தாம் நாள் கோத்தகிரியிலிருந்து அத்தையின் மகன் பதில் எழுதினார். அன்று மாலையே தொலைபேசியில் அத்தை "அண்ணே" என்றார். "இருக்கியா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் பேசினார்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா ஒரு ஞாயிறைத் தவறவிட்டதில்லை. நேரில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. அத்தைக்குக் கடவுச்சீட்டு கிடைப்பதற்குள் அப்பா போய்விட்டார். அந்தத் துக்கம் எனக்கு ஆறாது.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தோள் கொடுத்த அயலவர்கள், எங்கள் தேடலைப் பலருக்கும் அனுப்பிவைத்த முகம் தெரியாத நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கருமாதி முடிந்த மறுநாள் அந்தக் குடும்ப வரலாற்றுத் தளத்தைத் திறந்தேன். அப்பாவின் பெயருக்கு நேரே இருந்த 'உயிருடன்' என்பதை மாற்றப்போவதாக அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நான் இன்னும் எங்கண்ணன பாக்கலியே, தாயி. இருக்காருன்னே இருக்கட்டும்."

ஓராண்டாகிறது. நான் மாற்றவில்லை.