ஏறுகிறவனுக்கு வழி

ஹெல்மெட், கையுறை, முட்டிக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பர் வைத்த மலை சைக்கிளோடு நான் கிளம்பினால், திருவட்டாறு ரோட்டில் டீக்கடைக்காரர், “சண்டைக்கா போறிய?” என்று கேட்பார். கேட்கட்டும். சர்க்கரை ஏறியது எனக்குத்தானே, அவருக்கா?

ரப்பர் எஸ்டேட்டுக்குள் ஒரு செம்மண் ஏற்றம் உண்டு. கால் ஊன்றாமல் அதை ஏறிவிட வேண்டும் என்று ஐந்து மாதமாக எனக்கு ஒரு வெறி. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன், கியரை மாற்றிப் பார்த்தேன், ராச்சோற்றைக்கூட விட்டேன். பாதியிலேயே மூச்சு முட்டிக் கால் தரையில் இருக்கும்.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒரு விதி: ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி மிதித்து எடுக்க முடியாதே. நியாயம்தான். ஆனால் எஸ்டேட்டில் அதற்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. ரப்பர் பால் சுமந்து வருகிறவர்களுக்கு யாரானாலும் ஒதுங்கி நிற்பார்கள்; முதலாளியின் ஜீப்பும் நிற்கும். இது எனக்குத் தெரியாதா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

அன்று முக்கால் ஏற்றம் தாண்டிவிட்டேன். எதிரே தலையில் ரப்பர் பால் வாளியோடு பால் வெட்டுகிற பெண் இறங்கி வந்தாள். தினமும் பார்க்கிறவள், என் சர்க்கரையைப் பற்றி அவளிடம் புலம்பியிருக்கிறேன். விடியும் முன்னே பட்டையை வெட்டத் தொடங்கி, மரம் மரமாகக் கட்டியிருக்கும் சிரட்டையிலிருந்து ஊற்றிச் சேர்த்த பால் அது. நான் பெல் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவள் ஈரச் சரிவில் கால் வைத்து ஒதுங்கினாள், சறுக்கியது. வாளி விழுந்த சத்தம் கேட்டது. கேட்டும் மிதித்தேன். இன்னும் பத்து மிதிதான் பாக்கி.

ஏறிவிட்டேன். உச்சியில் நின்று திரும்பினால், செம்மண்ணில் வெள்ளையாகப் பால் ஓடிக்கொண்டிருந்தது. அட சண்டாளா என்று என்னையே திட்டிக்கொண்டு, சைக்கிளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். வாளியின் அடியில் நாலு விரற்கடை மிச்சமிருந்தது.

“பாலு போச்சே…” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “அண்ணே, ஒடம்புக்கு வல்லதும் செய்யுதா? தல சுத்திச்சோ? நிக்காம போனப்பவே நெனச்சேன். எங்க வீட்டாளுக்கும் சுகர் கொறஞ்சா இப்பிடித்தான், கண்ணு தெரியாது, காதும் கேக்காது.”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமா” என்று வந்தது.

“மொதல்ல இரியுங்க.” தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். வேலை முடிந்து குடிக்க அவள் வைத்திருந்த, பால் விடாத கட்டன்சாயா, சீனி தூக்கலாக. “முழுசும் குடிங்க.”

குடித்தேன். பாட்டில் காலியாகும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.